நன்னீர்க் களவா என்று வாங்கினேன், இரை எடுக்கவில்லை

பாளையங்கோட்டையில் ஒரு கடையில் "நன்னீர்க் களவா" என்று விற்ற மீன். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. 4 அங்குலம், மஞ்சளில் கறுப்புப் பட்டை. 3 அடித் தொட்டி, 170 லிட்டர், தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர். முதல் வாரம் இறாலை லபக்கென்று விழுங்கியது. இப்போது ஒன்பது நாளாகப் பட்டினி. மூலையில் சாய்ந்து கிடக்கிறது, செவுள் வேகமாக அடிக்கிறது, உடம்பெல்லாம் வெள்ளை வழவழப்பு.

மூன்று தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். ஹீட்டர் 28 டிகிரி. அம்மோனியா பூஜ்யம். இரண்டு கைப்பிடி கல் உப்பும் போட்டாயிற்று. கடைக்காரர் "பழகிரும்" என்கிறார். தூத்துக்குடி வலையில் விழும் களவா கடல் மீன்தானே என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது!

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீன் தொட்டிக்கான கடல் உப்பு வாங்கிவிட்டேன். அண்ணாச்சிமாரே, இவ்வளவு சோர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு லிட்டருக்கு எத்தனை கிராம் வீதம் ஏற்றலாம்?