இழை: ‘ஸ்பேம் கமெண்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மேலூரிலிருந்து ஆசிரியை:
வணக்கம். பிளஸ் ஒன் கணினிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வலைப்பூப் பின்னூட்டத்தில் வந்து விழும் விளம்பரத்துக்கு ஒரு சொல் வேண்டும். என் மாணவி ஒருத்தி, பாட்டி இறந்ததைப் பற்றி எழுதியிருந்தாள். ‘அருமையான பதிவு, தொடருங்கள்’ என்று முதல் பின்னூட்டம். கூடவே கடன் தரும் தளத்தின் சுட்டி. யாரோ மெச்சுகிறார்கள் என்று நம்பி இந்தப் பிள்ளை நன்றி வேறு சொல்லியிருக்கிறாள். ஸ்பேமுக்குச் சிலர் வழங்கும் ‘எரிதம்’ என்ற சொல் வகுப்பில் யாருக்கும் பிடிபடவில்லை.

திருமங்கலத்துப் புலவர்:
உள்ளே மணியில்லாத நெல்லைச் சொல்லும் ‘பதடி’ இருக்கும்போது ஏன் அலைய வேண்டும், அம்மா? பயனில்சொல் பாராட்டுவானை ‘மக்கட் பதடி’ என்கிறது குறள் 196. குறுந்தொகை 323-இல் ‘பதடி வைகல்’, அதாவது வீணான நாள், வருகிறது. அந்தத் தொடரே பாடியவருக்குப் பெயராகிப் பதடி வைகலார் ஆனார். பதரும் இதன் உறவே.

செல்லூர்க்காரர்:
ஐயா, பதர் நெல்லோடு ஒரே கதிரில் விளைவது. இதுவோ வெளியாள் கொண்டுவந்து போடுவது. பயனில்சொல்லும் அல்ல, போட்டவனுக்கு நல்ல பயன். சுட்டி பல இடங்களில் இருந்தால் தேடுபொறியில் தன் தளம் மேலே வரும் என்பதுதான் கணக்கு. அதைத் தடுக்கத்தான் 2005-இல் கூகுள், இந்தச் சுட்டியைக் கணக்கில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறியைக் கொண்டுவந்தது. நம்மூரில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று சுவரில் எழுதினால், அதன் மேலேயே போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஆகவே ‘ஒட்டுரை’.

புலவர்:
அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் ஒட்டு என்பது ஓர் அணி. ஒட்டுரை என்றால் அந்த அணிக்கு எழுதிய உரை என்றல்லவா படும்? ஒட்டு என்றால் ஆணை, அதாவது சபதம், என்றும் பொருள் உண்டு. அயலார் செருகியதுதான் குறை என்றால் ‘இடைச்செருகல்’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே.

உசிலம்பட்டியிலிருந்து:
ஸ்பேம் என்றே போடுங்கள். இங்கிலீஷிலேயே அது டின்னில் அடைத்த இறைச்சியின் பெயர்தான். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது, அந்தச் சுட்டியைத் தொடாதே, பதில் எழுதாதே என்பது.

செல்லூர்க்காரர்:
பெயர் தெரியாமல் எதைத் தொடாதே என்பது? இடைச்செருகல் மூலத்துக்குள்ளேயே கலந்துவிடும், ஐயா. இது அடியில் தொங்குகிறது.

ஆசிரியை:
சரி, ‘ஒட்டுரை’ என்று தலைப்பில் போடுகிறேன். முதல் வரியிலேயே ஸ்பேம் என்பதும் இதுதான் என்று எழுதிவிடுகிறேன். ஒட்டு, சுவர் என்றதும் பிள்ளைகளே பொருள் சொல்லிவிட்டார்கள்.

புலவர்:
போடுங்கள் அம்மா, அச்சு நிற்க வேண்டாம். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்குள் பதடிக்கு இன்னும் சான்று தருகிறேன்.