பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது குறித்து ஆலோசனை தேவை

ஆயர் ஈத்தாம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 78. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் எங்களோடு இருக்கிறார். இளம் வயதிலிருந்து அவர் சேர்த்த கேசட்டுகள் இருநூறுக்குக் குறையாமல் ஒரு மர அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை மார்க்கெட் ஸ்திரீட் கடைகளில் வாங்கிய திரைப்படப் பாடல்கள். எஞ்சியவை அவரே பதிவு செய்தவை. மலேசிய அரசின் தமிழ் வானொலியான இன்றைய மின்னல் எஃப்எம், ‘வானொலி 6’ என்று அழைக்கப்பட்ட காலத்து நேயர் விருப்ப நிகழ்ச்சிகள், தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் ஒலித்த உறுமி மேளம், கெடாவின் சுங்கைப்பட்டாணித் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி பாடிய தாலாட்டு ஆகியவை அவற்றில் உள்ளன.

அப்பாவின் இரட்டைக் கேசட் வானொலிப் பெட்டி இப்போது நாடாவைச் சுழற்றுவதில்லை. கணினிக் கோப்பாக மாற்றித் தரும் ஒரு கடையில் விசாரித்தேன். கேசட் ஒன்றுக்கு 15 ரிங்கிட் என்றார்கள். எல்லாவற்றையும் கொடுத்தால் 3,000 ரிங்கிட் ஆகிவிடும். இணையக் கடைகளிலோ, யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் சிறிய கேசட் கருவி நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி நானே செய்யலாமா?

மாற்றி முடித்த பிறகு அப்பா எப்படிக் கேட்பார் என்பது அடுத்த கவலை. அவர் கைத்தொலைபேசியில் பேசுவதோடு சரி, பாட்டுச் செயலிகளைத் தொடுவதே இல்லை. வரவேற்பறையில் இணைய வசதியுள்ள தொலைக்காட்சியும் அதற்கான சவுண்ட்பார் ஒலிபெருக்கியும் உள்ளன. ஆனால் அவருடைய அறைக்கு வைஃபை சரியாக எட்டுவதில்லை.


செந்தூல் ஒலிக்காரர் எழுதியது:

வணக்கம் சகோதரி. அந்தச் சிறிய கருவியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இன்று புதிதாகத் தயாராகும் கேசட் கருவிகள் அநேகமாக ஒரே வகை எளிய இயந்திரப் பகுதியைக் கொண்டு செய்யப்படுபவை. அதில் நாடாவைச் சீராக ஓட்ட வேண்டிய சக்கரம் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருப்பதால் வேகம் ஏறி இறங்கும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் அந்த நடுக்கம் உடனே தெரிந்துவிடும். இடது, வலது ஒலி இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒற்றைத் தடமாகப் பதிவு செய்யும் கருவிகளும் அவற்றில் உண்டு.

எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ வந்த நல்ல கேசட் டெக் (கேசட்டை ஓட்டும் தனிக் கருவி) ஒன்றைப் பழைய பொருளாகத் தேடுங்கள். பினாங்கில் இருப்பவருக்கு லோரோங் கூலிட் சந்தை இருக்கிறது. கோலாலம்பூர்ப் பக்கம் வந்தால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் பார்க்கலாம். வாங்கும் முன் ஒரு கேசட்டைப் போட்டு ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ‘நேற்றுவரை நன்றாக ஓடியது’ என்று சொல்லாத வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

டெக் கிடைத்ததும், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதியான ஹெட்டையும் ரப்பர் உருளையையும் தூய்மை செய்யுங்கள். ஹெட்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சி போதும். அடுத்தது பலர் கவனிக்காத ஒன்று. கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் நான்கு தடங்கள் இருக்கின்றன. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. இவ்வளவு நெருக்கத்தில், பதிவு செய்த கருவியின் ஹெட்டும் இப்போது ஒலிக்கவைக்கும் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் மேல்சுருதி ஒலிகள் மங்கிவிடும். பாடகரின் ‘ச’கரமும் தாளத்தின் கிணுகிணுப்பும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறிய திருகு இருக்கும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மெல்லத் திருப்பி, ஒலி எங்கே மிகத் தெளிவாகிறதோ அங்கே நிறுத்துங்கள். கடையில் வாங்கியவற்றுக்கு ஒரு நிலையும் அப்பா பதிவு செய்தவற்றுக்கு வேறொரு நிலையும் வரலாம். இருநூறு கேசட்டுக்கு இதைச் செய்ய எந்தக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது. ஆகவேதான் நீங்களே செய்வது நல்லது என்கிறேன்.

மடிக்கணினியில் பெரும்பாலும் ஒலிவாங்கிக்கான ஒற்றைத் தட நுழைவே இருக்கும் என்பதால், டெக்கின் வெளியீட்டை அதில் நேராகச் செருகாதீர்கள். ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டியான, இரண்டு தட நுழைவு கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தேவை. மென்பொருளுக்குச் செலவு இல்லை, ஆடாசிட்டி இலவசம். ஒலியின் உச்சம், மென்பொருள் காட்டும் மேல் எல்லையான சுழியத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்குமாறு அளவை வைத்துப் பதிவு செய்தால் திடீரென எழும் உறுமியும் சிதையாது. குறுந்தட்டுத் தரம், அதாவது 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், கேசட்டுக்குத் தாராளம். அந்தத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். உங்கள் கேசட்டுகள் எல்லாம் 60 நிமிடத்தவை என்று கொண்டால், மொத்தம் 130 கிகாபைட்டைத் தாண்டாது. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமித்தால் ஏறக்குறைய பாதி இடம் போதும்.


பட்டர்வொர்த் பழைய நேயர் எழுதியது:

வணக்கம்மா. மேலே நண்பர் சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இருநூறு கேசட்டையும் மாற்ற வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும்; அதன் பிறகு வெட்டுவது, பெயரிடுவது எல்லாம் தனி வேலை. வேலைக்குப் போகும் ஒருவர் வார இறுதியில் மட்டும் செய்தால், முதல் உற்சாகம் திரைப்படப் பாடல்களிலேயே தீர்ந்துபோய், பாட்டியின் குரல் இருக்கும் கேசட் அலமாரியிலேயே தங்கிவிடும்.

கடையில் வாங்கிய திரைப்படப் பாடல்களில் மிகப் பெரும்பகுதி, அந்தக் கேசட்டைவிடத் தெளிவாக இன்று இணையத்தில் கிடைக்கிறது. அவற்றின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, கிடைக்காதவற்றை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பாட்டின் பெயரில் வேறொருவர் புதிதாகப் பாடிய பதிவுகளும் இணையத்தில் ஏராளம். அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகள் அப்படி அல்ல. அந்தக் காலத்தில் அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, நம் பெயரும் தோட்டத்தின் பெயரும் எப்போது வாசிக்கப்படும் என்று வானொலியின் முன் குடும்பமே உட்கார்ந்திருக்கும். எந்தப் பாட்டு ஒலித்தது என்பதைவிட, அதற்கு முன் அறிவிப்பாளர் வாசித்த பெயர் வரிசைதான் இன்று பொக்கிஷம். கெடாவில் பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ஒரு தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பெயர்களைவிட வேறு சான்று பல குடும்பங்களிடம் இல்லை. ஆகையால், பாட்டு வருகிறது என்று அறிவிப்பை வெட்டிவிடாதீர்கள். நிகழ்ச்சியை முழுமையாகவே வைத்திருங்கள். அவற்றைப் பொது இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். பாட்டுக்கும் ஒலிபரப்புக்கும் காப்புரிமை உண்டு. வீட்டுக்குள் வைத்துக் கேளுங்கள்.

இன்று மாலையே செய்ய வேண்டிய ஒன்றும் உள்ளது. அப்பா பதிவு செய்த ஒவ்வொரு கேசட்டின் பின்விளிம்பிலும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால், யாராவது தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய ஒலி அழியாது.


ஆயர் ஈத்தாம் வாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பட்டர்வொர்த் ஐயா சொன்னபடி அப்பாவின் சொந்தப் பதிவுகளைத் தனியே எடுத்து வைத்தேன். ஆனால் அவற்றில் சிலவற்றின் நாடாச் சுருளின்மேல் வெள்ளைப் பொடி போல் பூஞ்சை படிந்திருக்கிறது. பாட்டியின் கேசட்டிலும் உள்ளது. சூடான அடுப்புப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது உண்மையா?


பிரிக்ஃபீல்ட்ஸ் சேகரிப்பாளர் எழுதியது:

தயவுசெய்து அடுப்பில் வைக்காதீர்கள். அந்த முறை, ஒட்டுப்பொருள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போன சில வகை ஒலிப்பதிவுக்கூடச் சுருள் நாடாக்களுக்கு, வெப்பத்தை மிகத் துல்லியமாகக் கட்டுப்படுத்திச் செய்யப்படுவது. வீட்டுக் கேசட்டை அப்படிச் சூடாக்கினால் பிளாஸ்டிக் உறைதான் வளையும்.

நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதத்துக்கு, மூடிய மர அலமாரியில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் வியப்பு. பூஞ்சை படிந்த கேசட்டை உடனே கருவியில் போட்டால், அதன் துகள்கள் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். முதலில் அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு சில வாரம் வைத்து உலரவிடுங்கள். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் உலர்பெட்டி யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. உலர்ந்த பிறகு, முகக்கவசம் அணிந்துகொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துச் சுருளின் ஓரத்தில் உள்ள பொடியை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டாம்; அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதல்ல. பிறகு, இழந்தாலும் பரவாயில்லை என்னும் பழைய கருவி ஒன்றில் முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாக ஓட்டி, ஒட்டியிருக்கும் சுற்றுகளைத் தளர்த்துங்கள். நாடா இறுகி நின்றால் வலிந்து இழுக்காதீர்கள்.

கேசட்டின் உள்ளே, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். பழைய கேசட்டுகளில் அது கழன்று விழுந்திருக்கலாம். அப்போது ஒலி விட்டுவிட்டு வரும். ஐந்து திருகுகளால் மூடிய கேசட் என்றால், திறந்து நாடாவை மட்டும் எடுத்து வேறொரு நல்ல உறைக்கு மாற்றிவிடலாம். திருகின்றி ஒட்டப்பட்டது என்றால் மெல்லிய கத்தியால் பிளக்க வேண்டிவரும். முதலில் தேவையற்ற ஒன்றில் பழகிக்கொள்ளுங்கள். 120 நிமிட நாடாவில் கூடுதல் கவனம் வேண்டும். அது மிகவும் மெல்லியது, எளிதில் நீண்டுவிடும்.


பாயான் லெப்பாஸ் இல்லத்தரசி எழுதியது:

வணக்கம் அக்கா. எல்லாரும் கேசட்டைப் பற்றியே எழுதிவிட்டார்கள்; பெரியவர் எப்படிக் கேட்பார் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் என் மாமனாரும் இதே ரகம். கடவுச்சொல் கேட்கும் எதையும் அவர் முன் வைக்கக்கூடாது என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பெரிய பொத்தான்களும் பென்டிரைவ் செருகும் வசதியும் உள்ள ஒரு வானொலிப் பெட்டி அவர் கட்டிலருகே இருக்கிறது. அவருக்கு அது போதுமானதாக இருக்கிறது. உங்கள் அப்பாவின் அறைக்கும் வைஃபை தேவையே இல்லை.

அந்தப் பெட்டிகளில் பல ஃபிளாக் கோப்பைப் படிக்காது. ஆகவே மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்பதற்கு மட்டும் எம்பி3 நகல் ஒன்று எடுத்துப் பென்டிரைவில் போடுங்கள். ஒரு கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்புறை என்று பிரித்தால், முதல் பாட்டு முடிந்ததும் அடுத்து எது வரும் என்பது அவர் நினைவில் இருக்கும் வரிசைப்படியே அமையும். பாட்டுகளைக் கலைத்து ஒலிக்கச் செய்யும் பொத்தானை என் மாமனார் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வரவேற்பறையில் கேட்கும்போது அதே பென்டிரைவைத் தொலைக்காட்சியில் செருகலாம். சவுண்ட்பாரை ப்ளூடூத்தில் இணைக்காமல், ஏஆர்சி என்று குறிப்பிட்டுள்ள எச்டிஎம்ஐ துளையில் கம்பியால் இணையுங்கள். படம் பார்க்கும்போது வாயசைவுக்குப் பின்னால் குரல் வரும் தொல்லை பெரும்பாலும் குறையும். தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே ஒலியளவையும் மாற்றலாம். இன்னொன்று, மின்னல் எஃப்எம் கேட்பதற்கும் இணையம் வேண்டியதில்லை. 2019-இல் நிறுத்தப்பட்ட நாட்டின் பழைய அனலாக் ஒளிபரப்புக்குப் பதிலாக வந்த மைஃப்ரீவியூ என்னும் இலவச டிஜிட்டல் தொலைக்காட்சிச் சேவையில் அரசின் ஆர்டிஎம் வானொலிகளும் வருகின்றன. யுஎச்எஃப் அண்டெனா இருந்தால் ரிமோட்டில் எண்ணை அழுத்தினாலே போதும்.

இருந்தாலும் அந்த அறைக்கு இணையம் வேண்டும் என்றால், ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் நடுக்கூடத்தில் உயரமாக வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தொலைவு செல்லும். பாட்டுக்கு அந்த வேகமே தாராளம்.


ஆயர் ஈத்தாம் வாசகி எழுதியது:

மிகவும் நன்றி தங்கையே, மற்ற அனைவருக்கும்கூட. பென்டிரைவ் வானொலிப் பெட்டியை அப்பாவே கடையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி: நல்ல டெக் வாங்கிய பிறகு அப்பாவின் பழைய வானொலிப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?


செந்தூல் ஒலிக்காரர் எழுதியது:

போட்டுவிடாதீர்கள். அவர் பதிவு செய்த கேசட்டுகள் அந்தப் பெட்டியின் ஹெட் கோணத்திலும் வேகத்திலும் பதிவானவை. நல்ல டெக்கில் கோணத்தைச் சரிசெய்தும் ஒலி தெளியாவிட்டால், அந்தப் பெட்டியிலேயே ஓட்டிப் பார்ப்பது இரண்டாவது வழி. அது சுழலாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் உருகியதே காரணமாக இருக்கும். பிசுபிசுப்பை ஆல்கஹாலால் துடைத்து, சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி நீளத்தை அளந்து, அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட்டை வாங்கி மாட்டுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், இணையக் கடைகளிலும் பல அளவுகள் கலந்த பொட்டலமாகக் கிடைக்கிறது. திறக்கும் முன் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட்.

வேகம் சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. மின்கம்பியில் ஓடிய பெட்டியில் பதிவானவற்றில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மெலிதாகக் கலந்திருப்பது வழக்கம். ஆடாசிட்டியின் அதிர்வெண் வரைபடத்தில் அந்த மேடு 51 ஹெர்ட்ஸில் தெரிந்தால், ஒலி 2 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று பொருள். அந்த அளவுக்கு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். பாட்டியின் குரலுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பெல்ட் மாற்றியதும் முதலில் ஓட்டிப் பார்ப்பது கடையில் வாங்கிய திரைப்படக் கேசட்டாக இருக்கட்டும்.