லப்டொப் திறக்குதில்லை, கடையில ஃபோர்மட் அடிக்கச் சொல்லுறாங்கள். உள்ளுக்கு அப்பான்ர படங்கள். உதவி தேவை

தென்னங்கீற்று:
வணக்கம். விசுவமடுவில இருந்து எழுதுறன். ஞாயிறு பின்னேரம் இடியோட கரண்ட் போனது. என்ர லப்டொப்பில பற்றரி செத்து ஒரு வருசத்துக்கு மேல, சார்ஜரிலதான் ஓடுறது. அப்பிடியே நிண்டுபோச்சு. கரண்ட் வந்தாப்பிறகு போட்டா, கொம்பனிப் பெயர் வருது, கீழ வட்டம் சுத்துது, ஓட்டோமற்றிக் ரிப்பெயர் எண்டு வந்து கறுத்துப்போகுது, திரும்பவும் முதலில இருந்து. விண்டோஸ் 10. 2017 இல வாங்கினது.

டவுனில ஒரு கடைக்குக் கொண்டுபோனன். "ஃபோர்மட் அடிச்சுத் தாறன், ஒரு மணித்தியாலம்" எண்டார் அந்தத் தம்பி. படங்கள் எண்டு கேட்டன். "டி டிரைவில இருந்தா போகாது அக்கா" எண்டார். என்ரது எல்லாம் டெஸ்க்டொப்பில, அது ஃபோர்மட்டில அழியிற சி டிரைவுக்குள்ள. லப்டொப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

2009 இல, கடைசிச் சண்டையில, எங்கட அல்பம் முழுக்க மாத்தளனில விட்டிட்டு வந்தனாங்கள். பிறகு கனடாப் பெரியம்மாவும் சுவிஸ் மாமாவும் தங்களிட்ட இருந்ததை ஸ்கான் பண்ணி அனுப்பினவை. 340 படம். அப்பான்ர முகம் தெளிவாத் தெரியிறது 6. அம்மம்மாவைப் பக்கத்தில இருத்தி, ஆர் ஆர் நிக்கிறது எண்டு கேட்டுக் கேட்டு ஃபைலுக்குப் பெயர் வைச்சன். "1991 முரசுமோட்டை சூடடிப்பு, அப்பா, குஞ்சியப்பா, பின்னால கிணத்தடி" எண்ட மாதிரி. அம்மம்மா போன மாசியில மோசம் போயிட்டா. பெரியம்மா படத்தைத் திரும்ப அனுப்பினாலும் அந்தப் பெயர்களை ஆர் சொல்லுறது?

கரடிப்போக்கு:
ஃபோர்மட் அடிச்சாப் பயமில்லை அக்கா. பிறகு ரிக்கவரி சொப்ட்வெயார் போட்டு எடுக்கலாம். நான் ஒருக்கா எடுத்தனான்.

மாங்குளத்தான்:
தம்பி, உதைச் சொல்லாதேங்கோ. புது விண்டோஸ் இருபது ஜிபி அளவில அதே டிஸ்கில எழுதும். எந்தப் படத்துக்கு மேல எழுதுமெண்டு ஆருக்கும் தெரியாது. எஸ்எஸ்டி, அதுதான் சுத்தாத சிப் டிஸ்க், எண்டா இன்னும் மோசம், அழிச்ச இடத்தை அது தானே வெறுமையாக்கிப்போடும். ஃபோட்டோரெக் மாதிரியான சொப்ட்வெயார் படத்தைத் தேடி எடுத்தாலும் பெயரைத் தராது, எஃப் எண்டு தொடங்கி வெறும் இலக்கம்தான் வரும். தங்கச்சிக்குப் படமும் வேணும், பெயரும் வேணும்.

தங்கச்சி, நீங்கள் திருப்பி வாங்கினது நல்ல வேலை. எழும்பாமல் கிடக்கிறது விண்டோஸ். ஃபைல்கள் அனேகமா இருந்த இடத்திலேயே இருக்கும். ஒண்டு சொல்லுங்கோ: போடேக்க காதை வைச்சுக் கேட்டா டிக் டிக் எண்டு தட்டுற சத்தம் வருதோ?

தென்னங்கீற்று:
விசிறியை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டன் அண்ணை. மெல்லிய இரைச்சல் மட்டும்தான். தட்டேல்லை.

மாங்குளத்தான்:
அப்ப இது ஹார்ட் டிஸ்க், சுத்துது. தட்டினா டிஸ்க் உள்ளுக்கே பழுதாகுது எண்டு அர்த்தம், இனிப் போடவே வேண்டாமெண்டு சொல்லியிருப்பன்.

வேற ஒரு கொம்பியூட்டரில லினக்ஸ் மின்ட் இறக்குங்கோ, அது விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச இயங்குதளம், மூண்டு ஜிபி வரும். ரூபஸ் எண்ட சின்னச் சொப்ட்வெயாரால அதை 8 ஜிபி பென்ட்ரைவ் ஒண்டுக்கு எழுதுங்கோ. அந்தப் பென்ட்ரைவில முதல் இருந்தது எல்லாம் அழியும், வெறுமையானதா எடுங்கோ. படம் கொப்பி பண்ண இன்னொண்டு வேணும். பிறகு பென்ட்ரைவைக் குத்தி லப்டொப்பைப் போட்ட உடன எஃப் 12 ஐ விடாமல் தட்டுங்கோ. எச்பி எண்டா எஃப் 9. வாற பட்டியலில யூஎஸ்பியைத் தெரிவு செய்யுங்கோ. மின்ட் பென்ட்ரைவிலயே ஓடும், உங்கட டிஸ்கைத் தொடாது. திரையில இன்ஸ்டோல் எண்டு ஒரு படம் நிக்கும், அதைமட்டும் அமத்திப்போடாதேங்கோ.

அறிவியல்நகர்_மாணவன்:
அக்கா, விண்டோஸ் டிஸ்கைத் திறக்கேக்க, வாசிக்க மட்டும்தான் விடுவன் எண்டு மின்ட் சொல்லக்கூடும். பயப்படாதேங்கோ, எங்களுக்கு எடுக்கிறதுதானே வேலை. யூசர்ஸ், அதுக்குள்ள உங்கட பெயர், அதுக்குள்ள டெஸ்க்டொப். தமிழ்ப் பெயர்கள் பெட்டி பெட்டியாத் தெரிஞ்சாலும் பெயர் மாறேல்லை, எழுத்துரு இல்லாததாலதான் அப்பிடி. கடவுச்சொல் கேட்டா அது பிட்லொக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கிற விண்டோஸ் வசதி, 48 இலக்கச் சாவி வேணும். வழமையா உங்கட மைக்ரோசொஃப்ட் கணக்கில இருக்கும்.

முக்கியமா, முழு ஃபோல்டரையும் ஒரேயடியா இழுக்காதேங்கோ. அந்த ஆறு படமும் முதல்.

தென்னங்கீற்று:
தம்பியின்ர கொம்பியூட்டரில இறக்கி நேற்று இரவு செய்தன். எஃப் 12 மூண்டாம் தரம்தான் பிடிச்சது. கடவுச்சொல் கேக்கேல்லை. டெஸ்க்டொப் திறந்தது. ஆறும் வந்திட்டுது. ஒவ்வொண்டாத் திறந்து பார்த்தன். சூடடிப்புப் படத்தில அப்பா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிக்கிறார், பெயரும் அப்பிடியே இருக்கு. அம்மாவை எழுப்பிக் காட்டினன்.

மற்றதுகளைக் கொப்பி பண்ண 190 ஆவதில நிண்டு, இன்புட் அவுட்புட் எரர் எண்டு வந்தது. திரும்ப முயற்சி செய்யவோ?

மாங்குளத்தான்:
வேண்டாம். ஸ்கிப் குடுத்து மற்றதை எடுங்கோ. டிஸ்கில சில இடம் வாசிக்கேலாமல் போகுது எண்டுதான் அர்த்தம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டினா நல்ல இடமும் போகும். விண்டோஸ், செக்டிஸ்க் எண்ட டிஸ்க் திருத்துற வேலையை ஓடவோ எண்டு கேட்டாலும் விடாதேங்கோ.

தென்னங்கீற்று:
முடிஞ்சுது அண்ணை. 337 வந்திட்டுது, மூண்டு வரேல்லை. அதில ஒண்டு அம்மம்மா மெனிக் பாம் அகதி முகாமில நிண்டு எடுத்தது, அது பெரியம்மாவிட்ட இல்லை.

அறிவியல்நகர்_மாணவன்:
அந்த மூண்டுக்கும் டிடிரெஸ்கியூ எண்ட, பழுதான டிஸ்கைப் பிரதி எடுக்கிற சொப்ட்வெயாரை முயற்சி செய்யலாம் அக்கா. முதல் நல்ல இடங்களை எல்லாம் எடுத்துப்போட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியாத்தான் திரும்பிவரும், எங்க விட்டது எண்டு ஒரு குறிப்பு ஃபைலும் வைச்சிருக்கும். ஆனா உங்கட டிஸ்கைவிடப் பெரிய வெளி டிஸ்க் ஒண்டு வேணும், முழுப் பிரதி எடுக்கிறபடியா. அதுவரைக்கும் லப்டொப்பைப் போடாதேங்கோ. எடுத்த 337 ஐயும் இண்டைக்கே பெரியம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கோ.

தென்னங்கீற்று:
அனுப்பிட்டன், பெயரோட. சனிக்கிழமை கிளிநொச்சி போய் டிஸ்க் வாங்குறன். வந்து எழுதுறன்.

நந்திக்கடல்_காற்று:
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும். என்ர டெஸ்க்டொப் கொம்பியூட்டரும் இப்பிடித்தான், ஆனா டிஸ்க் டிக் டிக் எண்டு தட்டுது. இதே மின்ட் வழி சரிவருமோ?

மாங்குளத்தான்:
வயரைக் கழட்டுங்கோ. இனிப் போடாதேங்கோ. உள்ளுக்கு என்ன இருக்கு, எப்ப தொடக்கம் தட்டுது எண்டு புது இழையில எழுதுங்கோ, நான் வாறன்.