9 வயது டாஷண்ட்: சோபாவிலிருந்து குதித்தபின் தூக்கினாலே அலறுகிறான், சுளுக்கா?

மலர்_கோவை | ஞாயிறு காலை 8.40

வணக்கங்க. எங்க டாஷண்டுக்கு 9 வயசு, ஆண், 11 கிலோ. நேத்து சாயந்திரம் சோபாவிலிருந்து குதிச்சதும் அப்படியே நின்னுட்டான். அதிலிருந்து தூக்கப் போனாலே அலறல். முதுகை வில் மாதிரி வளைச்சு நிக்கிறான், உடம்பு விட்டு விட்டு நடுங்குது. நடக்கிறான், ஆனா படி ஏற மாட்டேங்கிறான். சாப்பாடு பாதிதான், வாந்தி இல்லை. காலையில ஒண்ணுக்குப் போனான்.

பக்கத்து கிளினிக் இன்னைக்கு லீவு. வீட்டுல பாராசிட்டமால் 650 இருக்கு, அரை மாத்திரை கொடுக்கலாமா? பெரியவங்க சுளுக்குன்னு சொல்லி நல்லெண்ணெய் காய்ச்சி நீவி விடச் சொல்றாங்க. நாளை வரைக்கும் பொறுக்கலாமா?

நாலுகால் | 9.05

மலர், நீவ வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். முதலில் அவனை ஒரு இடத்தில் அடைத்து வையுங்கள். கூண்டு இல்லையென்றால் இரண்டு நாற்காலியைச் சுவரோடு சாய்த்து மறிப்பு கட்டினாலும் போதும். மீதியை அதற்கப்புறம் படியுங்கள்.

நமக்கு "ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்வார்களே, டாஷண்டுக்கு இப்படித் திடீரென்று முதுகு வலித்தால் பெரும்பாலும் அதுதான். இந்த இனத்தின் காலைக் குட்டையாக்கும் அதே மரபணுக் கோளாறு, முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கையும் சின்ன வயதிலேயே காய வைத்துவிடும். உள்ளே கூழாக இருக்க வேண்டியது சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு ஒரு சாதாரணக் குதியலில் வெளி வளையம் கிழிந்து, அந்தக் கட்டி மேல்நோக்கித் தெறித்துத் தண்டுவடத்தை இடிக்கிறது. அதிகம் நடப்பது கடைசி விலா எலும்பை ஒட்டிய இடத்தில். நெஞ்சுப் பகுதியில் இடது விலாவையும் வலது விலாவையும் டிஸ்க்கின் மேலாகக் குறுக்கே இணைக்கும் ஒரு நார்ப்பட்டை காவலுக்கு இருக்கிறது. கடைசி விலாக்களுக்கு வந்தால் அந்தப் பட்டை கிடையாது.

நீவும்போது வளைகிற முதுகில் இன்னும் கொஞ்சம் கட்டி வெளியே வந்தால், நடந்துகொண்டிருந்த நாய் அன்றைக்கே பின்னங்கால் இழுக்க ஆரம்பிக்கலாம். சுளுக்கு எடுப்பவரிடமும் கொண்டுபோக வேண்டாம். வலித் தைலமும் கூடாது. அதிலிருக்கும் கற்பூரமும் சாலிசிலேட்டும் நக்கினால் விஷம்.

வலி எவ்வளவு என்பதை வைத்து அவசரத்தைக் கணக்கிடாதீர்கள். நரம்புச் செய்தி போகிறதா என்பதுதான் கணக்கு. இப்போதே இதைப் பாருங்கள்: வழுக்காத மிதியடி மேல் நிற்க வையுங்கள். ஒரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து எடையைத் தாங்குங்கள். மற்ற கையால் ஒரு பின்னங்காலின் பாதத்தை மடக்கி, பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி வைத்து விடுங்கள். நல்ல நாய் ஒரு நொடிக்குள் பாதத்தைத் திருப்பி வைத்துவிடும். தாமதித்தாலோ அப்படியே விட்டுவிட்டாலோ செய்தி வழியில் தடைபடுகிறது. நான்கு காலுக்கும் செய்யுங்கள். நடக்கும்போது தரையில் நகம் உரசும் சரக் சரக் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து ஜுரம் பாருங்கள். 100.5 முதல் 102.5 வரை சாதாரணம், 103க்கு மேல் என்றால் காய்ச்சல்.

மலர்_கோவை | 9.40

பார்த்தேங்க. ஜுரம் 101.8. முன்னங்கால் ரெண்டும், இடது பின்னங்காலும் உடனே திருப்பிடுறான். வலது பின்னங்கால் மட்டும் மூணு நொடி அப்படியே நிக்குது, அப்புறம்தான் எடுக்கிறான். நகம் உரசற சத்தம் லேசா கேக்குது.

நாலுகால் | 9.48

அப்படியென்றால் நாளை வரை பொறுக்க வேண்டாம். இன்றைக்கே ஞாயிறு திறந்திருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். கால் எடுத்து வைக்கும் நிலையில் காட்டுவதற்கும் கால் விழுந்தபின் காட்டுவதற்கும் பலனில் நிறைய வித்தியாசம்.

கொண்டுபோகும் விதம்: அவன் நீளத்துக்கு ஒரு பிளைவுட் பலகை, மேலே மடித்த போர்வை. ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்தொடைக்கடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்கிப் பலகையில் வையுங்கள். அக்குளில் பிடித்துக் குழந்தை மாதிரி தூக்கினால் பின்பாதி தொங்கும், அதுதான் கெடுதல். வலியில் வளர்த்தவரையே கடிக்கும், அதனால் துணிப் பட்டையால் வாயை லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள். இரைத்தாலோ குமட்டினாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள்.

நிலையை ஐந்து படியாகச் சொல்வார்கள். வலி மட்டும் இருப்பது முதல் படி. தள்ளாடி நடப்பது இரண்டு, உங்கள் நாய் இப்போது இங்கே. எழுந்து நடக்க முடியாமல் காலை அசைக்க மட்டும் முடிவது மூன்று. அசைவே இல்லாமல், விரல் எலும்பை அழுத்தினால் உணரும் ஆழ்வலி மட்டும் தெரிவது நான்கு. அதுவும் போனால் ஐந்து. இடுக்கியால் விரல் எலும்பை அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கத்த வேண்டும். காலை இழுத்துக்கொண்டால் மட்டும் ஆழ்வலி இருக்கிறது என்று ஆகாது. அந்த இழுப்பு மூளைக்குப் போகாமலேயே தண்டுவடம் தானாகச் செய்வது. வீட்டில் இதில்தான் பலர் ஏமாந்து ஒரு நாளை வீணாக்குகிறார்கள்.

மூன்றாம் படிக்கு இறங்கினால் அறுவை சிகிச்சை பற்றி அன்றைக்கே பேச வேண்டும். ஆழ்வலி இருக்கும்போது அறுவை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் திரும்ப நடக்கின்றன. ஆழ்வலி போனபின் செய்தால் ஏறக்குறைய பாதிதான்.

வேப்பமரம் | 11.20

கழுத்து வலி என்று தேடி இங்கே வருபவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் அது பார்க்க வேறு மாதிரி இருக்கும். கழுத்து டிஸ்க் என்றால் நாய் தலையைத் தாழ்த்தியே வைத்திருக்கும். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கும். தரையிலுள்ள தட்டில் குனிய மாட்டாது, அதே சாப்பாட்டை வாயருகே பிடித்தால் தின்னும். இதைப் பசியில்லை என்று எடுத்துக்கொண்டு பலர் வயிற்றுக்கு மருந்து கேட்கிறார்கள். கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்கடியில் தசை துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சில நாய்கள் ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கித் தூக்கி வைக்கும், முள்ளோ அடியோ என்று காலையே தேடிக்கொண்டிருப்போம்.

கழுத்தில் தண்டுவடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கிறது. அதனால் வலி பயங்கரமாக இருக்கும், கால் விழுவது அரிது. நடு முதுகில் இடம் குறுகல், வலி குறைவாக இருந்தும் கால் சீக்கிரம் விழும். கழுத்து வலி நாய்க்குக் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டை போடுங்கள். தட்டை முழங்கை உயரத்துக்கு உயர்த்தி வையுங்கள். கழுத்தை வளைத்து "எங்கே வலிக்கிறது" என்று சோதிக்காதீர்கள்.

வயதான நாய் என்றால் டிஸ்க் என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் கிழடுகளுக்கு இடுப்பும் வாலும் சேரும் இடத்தில் குறுகல் வரும். வாலை மேலே தூக்கினால் கத்தும். ஜுரத்தோடு முதுகு வலி என்றால் முள்ளெலும்புகளுக்கு நடுவில் கிருமித் தொற்று இருக்கலாம், அதில் ஸ்டீராய்டு போட்டால் தொற்று பரவும். எலும்புக் கட்டி, கருத்தடை செய்யாத ஆணுக்குப் புராஸ்டேட் வீக்கம், இவையும் முதுகு வலியாகத் தெரியும். கொழுப்புக் கறி தின்ற மறுநாள் வாந்தியோடு முதுகை வளைத்தால் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் உடம்பு வலியாக வரும் என்பதால் ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கையும் ஸ்மியரும் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள்.

மலர்_கோவை | மாலை 5.15

காட்டிட்டு வந்தோங்க. எக்ஸ்ரேயில் கடைசி விலா பக்கம் ஒரு இடைவெளி குறுகியிருக்குன்னு சொன்னாங்க. ஜுரம் இல்லை, கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் சரியா இருக்கு. ஒரு ஊசி போட்டாங்க. நாளையிலிருந்து வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம், நரம்பு வலிக்குக் காபாபென்டின் 100 மி.கி எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம். கூண்டுல 4 வாரம். எம்ஆர்ஐ இப்போ வேண்டாம், கால் மோசமானா பார்க்கலாம்னாங்க. இது சரிதானுங்களா?

மருந்துச்சீட்டு | 5.50

மேடம், முதலில் அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, போட்ட ஊசியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு என்றால் நாளைக்கு மெலாக்சிகாம் தொடங்கக் கூடாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரைப்பை குடலில் புண் வந்து ஓட்டையே விழும். இடையில் 5 முதல் 7 நாள் விட வேண்டும். மெலாக்சிகாம் ஊசி என்றால் பிரச்சினை இல்லை, நாளைய அளவை அதற்குத் தகுந்தபடி டாக்டரே சொல்வார்.

மெலாக்சிகாமின் அளவு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி, மறுநாளிலிருந்து 0.1. 11 கிலோவுக்கு 2.2, பிறகு 1.1 மி.கி. மருந்துக்கடையில் மனிதர்களுக்கான 7.5, 15 மாத்திரைகள்தான் கையில் கிடைக்கும். 15 மாத்திரை ஒன்று உங்கள் நாயின் முதல் நாள் அளவைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். நாய்க்கான திரவ மருந்தையே கேளுங்கள், சிரிஞ்சில் அளந்து சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, கரி மாதிரி கறுப்பு மலம், சாப்பிட மறுப்பு, இதில் எது வந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

காபாபென்டின் கிலோவுக்கு 10 மி.கி கணக்குதான், சரி. காப்ஸ்யூலாகவே கொடுங்கள். மனிதர்களுக்கான சில திரவங்களில் சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம். இன்னொன்று, இந்த மருந்தே நாயைத் தள்ளாட வைக்கும். கால் மோசமாகிறதா, மருந்து மயக்கமா என்று குழம்புவீர்கள். ஆகவே பாதச் சோதனையை ஒவ்வொரு வேளை மருந்துக்கும் கொஞ்சம் முன்னால் செய்து நேரத்தோடு குறித்து வையுங்கள். மயக்கமென்றால் நான்கு காலும் தளரும். நரம்பென்றால் பின்கால் மட்டும் தளரும்.

காலையில் கேட்ட பாராசிட்டமாலுக்கும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு டாக்டர் எழுதும்போதே கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி தான். உங்கள் 650 முழுசாக விழுங்கியிருந்தால் 59 ஆகியிருக்கும், ஈரலைக் கெடுக்கும் எல்லைக்குப் பக்கத்தில். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டையும் வீட்டு நாய்க்கு நினைக்கவே வேண்டாம். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்கு 2006ல் தடை செய்தது பாறு கழுகுகளைக் காப்பாற்ற, ஆனால் நாயின் குடலுக்கும் அது ஆகாது.

எம்ஆர்ஐ விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னது நியாயம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று காட்டாது. அது தெரிய எம்ஆர்ஐயோ சிடியோ வேண்டும், அசையாமல் கிடக்க மயக்க மருந்தும் வேண்டும். அறுவைக்குத் தயாரென்றால்தான் அதற்குப் பலன். ஆனால் எந்த ஊரில் எந்த மருத்துவமனை முதுகு அறுவை செய்கிறது, இரவில் எடுப்பார்களா என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். கால் விழுந்த இரவில் தேட ஆரம்பிக்கக் கூடாது.

மலர்_கோவை | சனி காலை 7.30

ஊசி மெலாக்சிகாம்தானுங்க, கேட்டுட்டேன். ஆறு நாளாச்சு. வலது கால் இப்போ ஒரு நொடியில திருப்பிடுறான். வலியே தெரியல, கூண்டுக்குள்ள குதிக்கிறான், கத்தறான். பார்க்கப் பாவமா இருக்கு. வீட்டுக்குள்ள மட்டும் விடலாமா?

நாலுகால் | 8.10

விடாதீர்கள். வலியை அடக்கியிருப்பது மருந்து. கிழிந்த வளையத்தில் தழும்பு பிடிக்கக் குறைந்தது 4 வாரம் ஆகும். முதல் வாரக் கடைசியில் "நல்லாயிட்டான்" என்று திறந்துவிட்டு, அவன் சோபாவில் ஏறி இறங்கி, மறுநாள் பின்கால் இரண்டும் விழுந்து வருவதுதான் வழக்கமாக நடப்பது.

கூண்டில் எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். ஆள் நடமாட்டம் உள்ள கூடத்தில் வையுங்கள், தனி அறையில் வைத்தால் இன்னும் கத்துவான். சாப்பாட்டைத் தட்டில் போடாமல் உள்ளே வைக்கும் பொம்மைகளில் அடைத்துக் கொடுங்கள், அரை மணி ஓடும். அப்படியும் குதித்தால் டாக்டரிடம் லேசான அமைதி மருந்து கேளுங்கள், அதில் தப்பே இல்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை, நெஞ்சுப் பட்டையும் வாரும் போட்டு, ஐந்து நிமிடம், ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும்.

ஒண்ணுக்குப் போவதைக் கண்ணால் பாருங்கள். தூக்கும்போது சொட்டுவது போவது ஆகாது, மூத்திரப் பை நிரம்பி வழிவது அது. 12 மணி நேரம் தானாகப் போகவில்லை என்றால் உடனே காட்டுங்கள். கால் விழுந்த நாய்க்கு 6 முதல் 8 மணிக்கு ஒருதரம் பையை அழுத்தி எடுக்க வேண்டும். அதை டாக்டர் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எழுத்தில் வராது.

வேப்பமரம் | 9.25

கூண்டில் இருக்கும் இந்த மூன்று வாரத்தில் வீட்டைத் தயார் செய்துவிடுங்கள் மலர். டைல்ஸ் தரையில் வெளியே விட்டால் பின்கால் அகலும். அவன் நடக்கும் தடத்தில் அடியில் ரப்பர் உள்ள மிதியடிகளை இடைவெளி இல்லாமல் போடுங்கள். நகம் வெட்டி, விரலிடுக்கு முடியையும் கத்தரித்து விடுங்கள், பாதி வழுக்கல் அதிலேயே போய்விடும்.

சோபாவுக்குச் சாய்வுப் பலகை: இருக்கை 45 செ.மீ உயரம் என்றால் பலகை 180 செ.மீ நீளம் இருக்கட்டும். ஒரு மீட்டரில் முடித்தால் செங்குத்தாகி அவன் ஏறாமல் பக்கத்தில் குதிப்பான். மேலே ரப்பர் விரிப்பை ஓரம் வரை ஒட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்குச் சட்டம் அடியுங்கள். மாடிப்படிக்கு வாசலில் தடுப்புக் கதவுதான், பலகை வேண்டாம்.

விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் எடை அதிகம். கூண்டில் அசைவு இல்லாததால் இன்றிலிருந்தே சோற்றில் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த பூசணியோ பீன்ஸோ போடுங்கள், உப்பும் வெங்காயமும் இல்லாமல். வாரம் ஒருதரம் எடை பாருங்கள். நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். தூக்குவது மட்டும் பலகையில் வைத்த மாதிரியே, முதுகு நேராக.