மறுமொழி: மண்டப வரைபடம் – இரண்டாம் தவணை அனுப்புமுன்

உறவுகளுக்கு வணக்கம்.

நம் சங்கம் கட்டப்போகும் மண்டபத்துக்குப் பொருளாளர் அண்ணன் இரண்டாம் தவணை கேட்டிருக்கிறார். தரத்தான் போகிறோம், ஆனால் இந்த வரைபடத்துக்கு வேண்டாம். ஓரத்தில் 'மாற்றுத்திறனாளி வசதி உண்டு' என்று எழுதியிருக்கிறது. அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் மூன்று இடத்தில் சக்கர நாற்காலி நின்றுவிடும்.

பேஸ்மட்டம் (வெளித்தரையிலிருந்து மண்டபத் தளத்தின் உயரம்) 600 மி.மீ., சாய்தளத்தின் நீளம் 3 மீட்டர். அதாவது 1:5, ஒரு பங்கு உயர ஐந்து பங்கு நீளம். ஒருவர் தானே தள்ளிக்கொண்டு ஏற 1:12ஆவது வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி பின்னுக்குச் சாயக்கூடும். 600க்கு 7.2 மீட்டர் ஓட்டம், அதற்கு மேலும் கீழும் 1500 மி.மீ. சமதளம் தனி. முற்றம் 7 மீட்டர்தான் என்பதால் நேராகப் போட முடியாது. 3.6 மீட்டராக இரண்டு ஓட்டமாய் மடித்து, திருப்பத்தில் 1500 ஆழத்துக்குச் சமதளம் விட்டால் அடங்கும். கைப்பிடிகளுக்கு இடையே 1200 அகலம், திறந்த ஓரத்தில் சக்கரம் நழுவாமல் 100 மி.மீ. திண்டு. மேலே பளிங்குக்கல் ஒட்டினால் மழையில் வழுக்கும், சொரசொரப்பாகவே விடுங்கள். வெள்ளம் ஏறாத மனையென்றால் பேஸ்மட்டத்தை 450 ஆக்கலாம். 5.4 மீட்டர் ஓட்டமே போதும். அஸ்திவாரம் போட்டபின் இதைக் கேட்க முடியாது.

தலைவர் மாமா முகப்பு கெடும் என்று சாய்தளத்தைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளச் சொல்கிறார். எல்லாரும் தலைவாசலில் நுழையும்போது சிலரை மட்டும் கொல்லை வழியாக வரச்சொல்வது நம் சங்கத்துக்குப் பெருமையா மாமா?

கதவு 900 என்று போட்டிருப்பது நிலையின் வெளியளவு. இருபக்கச் சட்டமும் 75 வீதம் போனால் 750, திறந்து நிற்கும் கதவின் தடிமன் இன்னும் 35 எடுக்கும். நாற்காலியே 650 முதல் 700 வரை வரும், சக்கரத்தின் தள்ளுவளையத்தைப் பிடிக்கும் விரல்கள் நிலையில் உரசும். 'திறந்தபின் தெளிவகலம் 900' (அதாவது தடையின்றிக் கடக்கக் கிடைக்கும் அகலம்) என்று எழுதி வாங்குங்கள். நிலை 1100 அளவுக்கு வரும்.

கழிப்பறைதான் மோசம். 1500க்கு 1200 அறை, கதவு உள்ளே திறக்கிறது. உள்ளே ஒருவர் விழுந்தால் உடம்பே கதவை அடைத்துவிடும். கதவு வெளியே திறக்கட்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்க வழி இருக்கட்டும். நாற்காலி திரும்ப 1500 விட்டம் வேண்டும், ஆகவே 2200க்கு 2000 கேளுங்கள். உட்காரும் கழிப்பறைப் பீங்கானின் நடுக்கோடு ஒரு சுவரிலிருந்து 450–480, மறுபக்கம் 900 காலி: நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் மாறி உட்கார அந்த இடம்தான். கைப்பிடிக் கம்பியில் ஆளின் முழு எடையும் தொங்கும். ஹாலோ பிளாக்கில் அடித்த போல்ட் பிடுங்கிக்கொள்ளும், அந்த உயரத்தில் கான்கிரீட் பட்டை போடச் சொல்லுங்கள். தரையை 50 மி.மீ. இறக்கியிருப்பதையும் நீக்க வேண்டும், நீர்போக்கியை நோக்கிய சாய்வு போதும்.

– துணைச் செயலாளர்

---

தம்பி, கழிப்பறைக்குப் போன தவணையிலேயே பற்று எழுதியாகிவிட்டது. அறை பெரிதானால் அந்தக் கணக்கு என்ன ஆவது? நூலகக் கட்டடத்தில் நடந்ததே போதும். அப்போது யார் வாய் திறந்தீர்கள்?

– பொருளாளர்

---

அண்ணா, நூலகத்தை இங்கே இழுக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையைக் குறைத்தால் வெளிச்சுவர் நகராமலே இடம் கிடைக்கும். பொறியாளரிடம் மூன்று தாள் மட்டும் கேளுங்கள்: தரைமட்டங்கள் குறித்த வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை நெடுக வெட்டிப் பார்த்ததுபோன்ற படம்), தெளிவகலத்தோடு கதவுப் பட்டியல், 1:20 அளவில் வரைந்த கழிப்பறைப் படம். வந்த அன்றே என் பங்கை அனுப்புகிறேன்.

– துணைச் செயலாளர்