டில்லா பையா, ஃபியூவா எ ஃபியூவா? புதுசா வந்தவங்களுக்கு ஒரு இழை

ஆங்கிலத்துல தேர் (there), தேர் (their) குழப்பத்துக்கெல்லாம் ராத்தூக்கம் கெட வேண்டாம். பேச்சுல ரெண்டும் காதுக்கு ஒண்ணுதான். எழுத்துல பிசகினாலும் படிக்கறவர் புரிஞ்சுக்குவார். பயப்பட வேண்டியது வேற ஜோடிகளுக்கு. மாத்திச் சொன்னாலும் பெரும்பாலும் இலக்கணம் இடிக்காது, அர்த்தம் மட்டும் தலைகீழாப் போயிடும். கேக்கறவருக்குத் திருத்தவும் தோணாது.

முதல்ல டில், பை. "ஐ வில் பி இன் தி ஆஃபீஸ் டில் டென்"னு மேனேஜருக்கு மெசேஜ் போட்டா, பத்து மணிக்குக் கிளம்பிடுவீங்கன்னு அர்த்தம். பத்துக்குள்ள வந்துடுவேன்னு சொல்லணும்னா "பை டென்". தமிழ்ல நினைச்சுப் பார்த்தாலே போதும்: 'வரைக்கும்' வந்தா டில், 'குள்ள' வந்தா பை.

சின்ஸ், ஃபார் ஜோடிக்கும் தமிழே கைகொடுக்கும். "ரெண்டு வருஷமா"ன்னா ஃபார், "2022-ல இருந்து"ன்னா சின்ஸ். "சின்ஸ் டூ இயர்ஸ்" கிடையவே கிடையாது. கூடவே வினையும் மாறணும்: "ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்" இல்ல, "ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்".

"ஐ ஹாவ் ஃபியூ ஃபிரெண்ட்ஸ் ஹியர்"னு சொன்னா பாவம் தனியா இருக்கார்னு இரக்கப்படுவாங்க. நாலஞ்சு பேர் இருக்காங்கன்னா "எ ஃபியூ". லிட்டில், எ லிட்டில் கதையும் இதேதான்.

இன்டர்வியூ இருக்கறவங்க ஹார்ட்லியைத் தொடவே தொடாதீங்க. ஸ்லோவுக்கு ஸ்லோலி மாதிரி ஹார்டுக்கு ஹார்ட்லின்னு கை தானாப் போகும். ஆனா "ஐ ஹார்ட்லி வொர்க்ட்"னா வேலையே பாக்கலைன்னு நீங்களே வாக்குமூலம் குடுத்த மாதிரி. லேட்லியும் அப்படித்தான், 'தாமதமா' இல்ல, 'சமீபமா'.

என்னைக் கேட்டா, நம்மாளுங்க இங்க அதிகமா மாட்டறது டவுட்லதான். நமக்கு அது வெறும் கேள்வி. மீட்டிங்ல "ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் பிளான்"னு ஆரம்பிச்சா, திட்டம் தேறாதுன்னு சொல்ற மாதிரிதான் விழும். திட்டத்தைச் சொன்னவர் முகம் சுருங்கும். "ஐ ஹாவ் எ க்வெஸ்சன்" போதும்.

லெண்ட், பாரோ சுலபம்: குடுக்கறவர் லெண்ட், வாங்கறவர் பாரோ.

எழுத்துல வர்ற சிக்கல் சிலது. ஒரு ஓ போட்ட லூஸ் இழக்கறது, ரெண்டு ஓ போட்டா தளர்வா இருக்கறது. அட்வைஸுக்கு சி போட்டா பெயர்ச்சொல், எஸ் போட்டா வினை. கடன் பத்திரத்துல வர்ற பிரின்ஸிபல் அசல் தொகை, அது 'பிஏஎல்'னு முடியும். 'பிஎல்இ'ன்னு முடிஞ்சா கொள்கை. லைசென்ஸ் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்: பிரிட்டிஷ் வழக்கத்துல பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ், அமெரிக்காவுல ரெண்டுக்கும் எஸ்தான்.