கொண்டை ஊசி வளைவில் போலோ பறக்கிறது, என் சிட்டி திணறுகிறது. ஏன்?

கோரிமேட்டுக்காரன்:
ஞாயிறு காலை ஏற்காடு போனோம். என்னுடையது ஹோண்டா சிட்டி கார், 1.5 லிட்டர் ஐ-விடெக் பெட்ரோல் எஞ்சின், 119 பிஎஸ் (குதிரைசக்தி). மாமா பையனுடையது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 105 பிஎஸ்தான். ஆனால் அடிவாரம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு அவன் விலகிப் போய்விட்டான். 20 வளைவும் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பாதி டீ குடித்திருந்தான். நான் ஒழுங்காக, டார்க் (எஞ்சின் சுழற்றும் விசை) உச்சமான 4,600 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) கியர் மாற்றுகிறேன். கோளாறு காரிலா, என்னிடமா?

லேத் பட்டறை:
அந்த 4,600-இல்தான் கோளாறு தம்பி. ரோட்டைத் தள்ளுவது எஞ்சின் டார்க் இல்லை, கியர் பெருக்கிக் கொடுக்கும் டார்க். கணக்குக்கு செகண்ட் கியர் 2 மடங்கு, தேர்ட் 1.4 மடங்கு பெருக்கும் என்று வைத்துக்கொள். 6,600 ஆர்பிஎம்மில் உன் எஞ்சின் தரும் டார்க் 126 நியூட்டன் மீட்டர். செகண்டில் பெருக்கினால் 252. அங்கே தேர்டுக்கு மாற்றினால் ஆர்பிஎம் 4,600-க்கு இறங்கும். உச்சமான 145 கிடைத்தாலும் 203-தான். உச்சம் தாண்டிய செகண்டே பலசாலி! நீ 4,600-இலேயே மாற்றினால் 3,200-க்கு விழுகிறாய். அப்புறம் கார் என்ன செய்யும், பாவம்.

போலோவுக்கு 1,500 முதல் 4,100 ஆர்பிஎம் வரை 175 நியூட்டன் மீட்டர் அப்படியே நிற்கும். வளைவு முடிந்து மிதித்தாலே போதும். உன் வண்டிக்கு வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, ஆர்பிஎம்மைத் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

மலைப்பாதை:
ஹோண்டா எஸ் 2000 ஸ்போர்ட்ஸ் காரும் இதே சாதிதான். ஐரோப்பிய மாடலில் உச்ச டார்க் 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500-இல். 240 குதிரைசக்தி 8,300-இல். சீக்கிரம் கியர் மாற்றினால் சாதாரண 2 லிட்டர் கார் மாதிரி இருக்கும்.

இன்னொன்று: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கடல்மட்டத்தைவிட அங்கே காற்று ஏழில் ஒரு பங்கு மெல்லிசு. எஞ்சின் சக்தியும் அதற்கேற்பக் குறையும். போலோவில் இருக்கும் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், டர்போ இல்லாத சிட்டியால் முடியாது.

கோரிமேட்டுக்காரன்:
நேற்று செகண்டிலேயே 6,500 வரை இழுத்துப் பார்த்தேன் அண்ணா. வேறு காராகவே ஆகிவிட்டது. பின்சீட்டில் அம்மா இருந்ததால் நாலாவது வளைவோடு சோதனை நின்றது.